கூரையை முதலில் வேய்ந்த பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை தேர்வு, மதிப்பெண் பட்டியல், பட்டமளிப்பு விழா ஆகிய மூன்றும்தான். அதில் வியப்பில்லை. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் மாதிரியில் தொடங்கப்பட்டபோது அதன் வேலையே கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் கொடுப்பதுதான். பாடம் நடத்துவது கல்லூரி, சான்றளிப்பது பல்கலைக்கழகம் என்ற அந்தப் பிரிவினை நம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதனால்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை "அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்" என்று செய்திகளில் குறிப்பிடும்போது, அந்த மூன்று சொற்களும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

ஓர் உதாரணத்தோடு பார்த்தால் எளிதாகப் புரியும். நான் தேர்ந்தெடுப்பது அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லைக்கு அருகே இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தை. ஹார்வர்டைப் போல நானூறு ஆண்டுப் பழமை அதற்குக் கிடையாது. 1960-ல்தான் பிறந்தது. இன்று உலகின் முன்னணி ஆய்வு நிறுவனங்களின் வரிசையில் இருக்கிறது. அந்த வளர்ச்சி நம் கண்ணெதிரே, ஒரே தலைமுறைக்குள் நடந்தது என்பதால் எதற்குப் பின் எது வந்தது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

முதலில் "ஆராய்ச்சி". இத்தகைய பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் வேலை, புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிக்கொடுப்பதோடு முடிவதில்லை. இன்னும் எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஒன்றைக் கண்டுபிடிப்பதும் அவர் வாங்கும் சம்பளத்துக்கான வேலைதான். அவருக்கு ஓர் ஆய்வகம், அதில் முனைவர் பட்ட மாணவர்கள், அவர்களுக்கு உதவித்தொகை தர வெளியிலிருந்து அவரே போட்டியிட்டுப் பெறும் ஆய்வு நிதியான நல்கை என்று ஒரு சிறு குடும்பமே இயங்கும். அமெரிக்காவில் உயர்கல்வி நிறுவனங்களை வகைப்படுத்தும் கார்னகி முறையில், ஆண்டுக்குக் குறைந்தது 5 கோடி டாலர் ஆராய்ச்சிக்குச் செலவிட்டு, குறைந்தது 70 ஆய்வு முனைவர் பட்டங்களை வழங்கினால்தான் "மிக உயர்ந்த ஆராய்ச்சி" என்ற பிரிவுக்குள் இடம். 2025-ல் வந்த வரையறை இது. சான் டியேகோ ஆண்டுக்குப் பெறும் ஆராய்ச்சி நிதி 150 கோடி டாலருக்கும் மேல்.

"அரசு" என்ற சொல் இன்னும் குழப்பமானது. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் செலவு முழுவதையும் அரசு தருகிறது என்று பொருளல்ல. உடைமை பொதுமக்களுடையது, கடமையும் அவர்களுக்கே என்பதுதான் பொருள். கலிஃபோர்னியாவில் இந்தப் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி 1879-ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. ரீஜென்ட்ஸ் என்ற ஆட்சிக்குழு அதை நிர்வகிக்கிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோரை ஆளுநர் நியமிக்கிறார். ஆனால் பதவிக்காலம் 12 ஆண்டுகள், அதாவது எந்த ஆளுநரின் பதவிக்காலத்தையும் விட நீளம். ஆட்சி மாறினால் துணைவேந்தரும் மாறிவிடுவாரோ என்று பார்த்துப் பழகிய நமக்கு, இந்த 12 ஆண்டு என்ற எண்ணின் அருமை தெரியும். இன்னொன்று, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்பது பத்து வளாகங்களைக் கொண்ட ஒரு தொகுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ எல்லாம் அதன் வளாகங்கள். ஒவ்வொன்றும் தனிப் பல்கலைக்கழகமாகவே தரவரிசையில் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'வேந்தர்' உண்டு. நம் ஊர் வேந்தரைப் போல விழாவுக்கு வருபவரல்ல, அன்றாட நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவர். சான் டியேகோவில் 2012 முதல் அந்தப் பதவியில் இருப்பவர் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பிரதீப் கோஸ்லா.

இனி கதை. லா ஹோயா என்ற கடற்கரைப் பகுதியில் 1903-லேயே ஒரு கடல் உயிரியல் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. பத்திரிகை அதிபர் ஸ்கிரிப்ஸும் அவருடைய சகோதரி எலன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸும் பணம் கொடுத்தார்கள். 1912-ல் அது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பின்னர் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் என்ற பெயர் பெற்றது. 1950-களில் அதன் இயக்குநராக இருந்த ரோஜர் ரெவெலுக்கு ஒரு கனவு இருந்தது. கடலியலோடு நிற்காமல் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் அங்கே வளர வேண்டும். அதற்கு அவர் சொன்ன வழி வழக்கத்துக்கு நேர்மாறானது. இளநிலை மாணவர்களைச் சேர்த்து, அவர்களுக்கு ஆசிரியர்களை நியமித்து, பல ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சிக்குப் போவது என்ற வரிசையை அவர் தலைகீழாக்கினார். முதலில் அந்தந்தத் துறையின் ஜாம்பவான்களை அழைத்து வருவது, அவர்களோடு முனைவர் பட்ட மாணவர்கள், இளநிலை மாணவர்கள் கடைசியில். அடித்தளத்துக்கு முன்னால் கூரையை வேய்வது போல.

கூரை வேய முதலில் வந்தவர்களில் ஒருவர் ஹரால்ட் யூரி. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக 1934-லேயே நோபல் பரிசு பெற்றவர். 1958-ல் சிகாகோவை விட்டு இங்கே வந்தார். யூரி இருக்கும் இடம் என்பதே இளைய வேதியியலாளர்களுக்குப் போதுமான அழைப்பாக இருந்தது. நல்ல ஆய்வாளர் சம்பளத்தை மட்டும் பார்த்து இடம் மாறுவதில்லை, பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்று பார்ப்பார். பல்கலைக்கழகத்தின் மதிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பக்கத்து அறைக் கணக்குதான்.

இதைவிடச் சுவையானது மரியா கெப்பர்ட் மேயரின் கதை. அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன என்ற கோட்பாட்டை உருவாக்கியவர். கணவர் ஜோசஃப் மேயர் வேதியியல் பேராசிரியர். கணவனும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கக் கூடாது என்ற விதியைக் காட்டி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவரைப் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் வைத்திருந்தன. சிகாகோவில் அவருடைய பதவியின் பெயரிலேயே "தன்னார்வ" என்ற அடைமொழி இருந்தது. பெரிய பெயர், காலிப் பை. சான் டியேகோ 1960-ல் அவருக்கு முழுச் சம்பளத்தோடு முழுநேரப் பேராசிரியர் பதவி கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 54. மூன்றே ஆண்டுகளில், 1963-ல், அவருக்கு இயற்பியலுக்கான நோபல் கிடைத்தது. உள்ளூர் நாளிதழ் ஒன்று 'சான் டியேகோ தாய்க்கு நோபல்' என்ற பாணியில் தலைப்பிட்டது வேறு கதை.

பழைய, பெரிய பல்கலைக்கழகங்கள் அலட்சியம் செய்தவர்களை அடையாளம் கண்டு மரியாதையோடு அழைத்துக்கொள்வது, புதிய பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் மிக மலிவான வளர்ச்சி வழி. கட்டடங்களுக்குச் செலவிடும் கோடிகளோடு ஒப்பிட்டால் மேயருக்குக் கொடுத்த சம்பளம் ஒன்றுமே இல்லை.

இதே தர்க்கம் ஊருக்குள்ளும் ஒரு சண்டையைக் கொண்டுவந்தது. லா ஹோயாவில் யூதர்களுக்கு வீடு விற்பதில்லை என்பது வீட்டுத் தரகர்களிடையே எழுதப்படாத உடன்பாடு. இனம் பார்த்து வீடு மறுக்கும் பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் கண் ஜாடைக்குத் தீர்ப்பு எதற்கு? ரெவெல் அழைக்க நினைத்த அறிவியலாளர்களில் யூதர்கள் பலர். அவர் ஊர்க்காரர்களிடம் நேராகவே சொன்னார்: பல்கலைக்கழகம் வேண்டுமா, இந்தப் பாகுபாடு வேண்டுமா, இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பல்கலைக்கழகம் வந்தது, தரகர்களின் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் ரெவெலுக்கு வேந்தர் பதவி கிடைக்கவில்லை. வளாகம் எங்கே அமைய வேண்டும் என்பதில் ரீஜென்ட்ஸ் குழுவின் செல்வாக்குள்ள உறுப்பினர் ஒருவரோடு அவர் மோதியிருந்தார். 1961-ல் முதல் வேந்தரானவர் அணு இயற்பியலாளர் ஹெர்பர்ட் யார்க். ரெவெலின் பெயர் முதல் கல்லூரிக்குச் சூட்டப்பட்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று.

காலமும் ஒத்துழைத்தது என்பதை மறைக்கக் கூடாது. 1957-ல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்க அரசு அறிவியலுக்குப் பணத்தைக் கொட்டத் தொடங்கியது. போருக்குப் பிந்தைய தலைமுறைக் குழந்தைகள் கல்லூரி வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். 1960-ல் கலிஃபோர்னியா ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் சமூகக் கல்லூரிகள். சமூகக் கல்லூரியில் இரண்டாண்டு நன்றாகப் படித்தால் மேலே மாறிக்கொள்ளலாம். முனைவர் பட்டமும் ஆராய்ச்சியும் முதல் அடுக்குக்கே உரியவை என்று அப்போது வகுத்தார்கள். நாட்டின் எல்லாக் கல்லூரிகளும் ஆராய்ச்சி செய்தாக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பிக் கட்டுரை எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட இந்தப் பிரிவினை நேர்மையானது என்பது என் கருத்து. அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நிலத்துக்கும் வழி பிறந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து கடற்படைக் காலாட்படை துப்பாக்கி சுடப் பழகிய மேட்டு நிலம் 1964-ல் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் முதல் இளநிலை மாணவர்களும் வந்தார்கள். இருநூறு பேருக்கும் குறைவு. 1968-ல் மருத்துவக் கல்லூரி தன் முதல் வகுப்பைத் தொடங்கியது.

ஆராய்ச்சிப் பணம் எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் ஒரு வரைபடத்தைப் பார்க்கலாம். ரெவெல் 1956-ல் வேலைக்கு எடுத்த இளைஞர் சார்லஸ் டேவிட் கீலிங். காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்பதைத் துல்லியமாக அளப்பதே அவருடைய வேலை, கிட்டத்தட்ட வெறி என்றும் சொல்லலாம். 1958 மார்ச் மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் அளவீடு தொடங்கியபோது, பத்து லட்சம் பங்குக் காற்றில் சுமார் 313 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. புவி வெப்பமடைதல் பற்றிய எந்தப் பாடநூலிலும் இந்த ஏறுகோடு இருக்கும். கோடு ஆண்டுதோறும் பல் பல்லாக ஏறி இறங்கியபடியே மேலே போகும். வடகோளத்துத் தாவரங்கள் கோடையில் வாயுவை உறிஞ்சிக் குளிர்காலத்தில் திருப்பிவிடுவதால் வரும் பற்கள் அவை. தொடக்கக் காலத் தரவை உற்றுப் பார்த்தால் 1964-ன் முற்பகுதியில் சில மாதங்கள் வெற்றாக இருப்பது தெரியும். காற்றில் ஒன்றும் கோளாறில்லை, நிதி வெட்டப்பட்டதால் அளவீடு நின்றுபோனது. பணம் நின்றால் அறிவில் ஓட்டை விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. கீலிங் 2005-ல் இறக்கும்வரை அந்தப் பணியைத் தொடர்ந்தார். இப்போது அதே நிறுவனத்தில் அவருடைய மகன் ரால்ஃப் தொடர்கிறார்.

நல்கை என்பது இப்படி வேலை செய்கிறது. பேராசிரியர் தன் திட்டத்தை எழுதி, அமெரிக்க அரசின் நிதி அமைப்புகளான தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கோ தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கோ அனுப்புவார். அதே துறையைச் சேர்ந்த மற்ற பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படித்துத் தரப்படுத்துவார்கள். பெரும்பாலானவை நிராகரிக்கப்படும். தேறியவற்றுக்குப் பணம் வரும். ஆய்வுக்கென 100 டாலர் தரப்பட்டால், அதற்கு மேல் பாதிக்கும் அதிகமான தொகை பல்கலைக்கழகத்துக்குத் தனியாக வரும். கட்டடம், மின்சாரம், நூலகம், கழிவு அகற்றல், கணக்கு எழுதுபவர் சம்பளம் போன்ற மறைமுகச் செலவுகளுக்கு அது. ஆக, நல்ல ஆய்வாளரைச் சேர்த்தால் அவரோடு நல்கை வரும், நல்கையோடு கட்டடத்துக்கான பணமும் வரும், அந்தக் கட்டடத்தைப் பார்த்து அடுத்த ஆய்வாளர் வருவார். 2025 பிப்ரவரியில் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் இந்த மறைமுகச் செலவுக்கான தொகையை 15 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது நாடு முழுவதும் பல்கலைக்கழகங்கள் பதறியது இதனால்தான். மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் வழக்குத் தொடுக்க, கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது. வெளியே இருப்பவர்களுக்கு ஏதோ குமாஸ்தாக் கணக்காகத் தெரிந்த அந்த ஒரு எண், மருத்துவ ஆய்வை நம்பியிருக்கும் வளாகத்தை ஆட்டிப்பார்க்கப் போதுமானது.

எல்லா ஆய்வுக்கும் கோடிகள் தேவை என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் சான் டியேகோவின் உளவியல் துறையில் செய்த புகழ்பெற்ற சோதனைக்குத் தேவைப்பட்டவை ஒரு பெட்டியும் ஒரு நிலைக்கண்ணாடியும் மட்டுமே. கை துண்டிக்கப்பட்டவர்களில் பலருக்கு இல்லாத கையில் வலி இருக்கும். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்தார். இல்லாத கை அசைவதைக் கண் பார்த்ததும் சிலருக்கு வலி தணிந்தது. இதற்கு நேர் எதிர்க்கோடியில் வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, இந்தியாவில் குளிர்பதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதே குளிர்பதன வாயுக்கள் புவியை வெப்பமாக்கும் ஆற்றலில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கடுமையானவை என்று 1975-ல் நிறுவினார். 1990-ல் ஸ்கிரிப்ஸுக்கு வந்தார். இந்தியப் பெருங்கடல் மீது கவிந்திருக்கும் பழுப்புப் புகைமேகத்தை ஆராய 1999-ல் நடந்த பன்னாட்டு ஆய்வின் தலைவர்களில் அவர் ஒருவர். விமானம், கப்பல், செயற்கைக்கோள் எல்லாம் அதில் இறங்கின. கண்ணாடிப் பெட்டிக்கும் விமானத்துக்கும் ஒரே வளாகத்தில் இடமிருந்தது.

பல்கலைக்கழகம் வளர்ந்ததும் சுற்றியிருந்த ஊரும் மாறியது. 1966-ல் பேராசிரியராக வந்த இர்வின் ஜேக்கப்ஸ், இரண்டு ஆண்டுகளில் ஆண்ட்ரூ விட்டெர்பி முதலியோருடன் லிங்காபிட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1985-ல் அவர்களே வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கியதுதான் குவால்காம். இந்தக் கட்டுரையை நீங்கள் கைப்பேசியில் படித்தால், அதன் சில்லு அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாகவே இருக்க வாய்ப்புண்டு. உயிரித் தொழில்நுட்பத்தில் 1978-ல் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியர் ஒருவர் கூட்டாளியோடு தொடங்கிய ஹைபிரிடெக், 1986-ல் எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்திடம் விற்கப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் கிளம்பிப் போய் ஆளுக்கொரு நிறுவனம் தொடங்கினார்கள். மாநில அரசு போட்ட பணம் இலாபப் பங்காகத் திரும்பி வராது. வரியாக, வேலையாக, மருந்தாகத்தான் வரும். அதைக் கணக்குப் போட்டுக் காட்டுவது கடினம் என்பதால்தான் பட்ஜெட் நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் கத்தரி விழுவது உயர்கல்வியில்.

சரி, கல்வி மதிப்பை யார் அளக்கிறார்கள்? பொதுமக்கள் பார்ப்பது தரவரிசை. ஆய்வாளர்கள் பார்ப்பது வேறு. 1900-ல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அழைப்பின் பேரில் மட்டுமே உறுப்பினர்களைச் சேர்க்கும். சான் டியேகோவை 1982-ல் சேர்த்துக்கொண்டது. பிறந்து 22 ஆண்டுகளில். 1995-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் முனைவர் பட்டத் துறைகளை ஆராய்ந்தபோது அது நாட்டில் பத்தாவது இடத்தில் இருந்தது. இவையெல்லாம் துறை அறிந்தவர்கள் துறை அறிந்தவர்களைப் பற்றிச் சொன்ன தீர்ப்புகள்.

தரவரிசைகளைப் பொறுத்தவரை, ஒரே பல்கலைக்கழகம் ஒரே ஆண்டில் வெவ்வேறு இடங்களில் நிற்கும். சீனாவில் வெளியாகும் ஷாங்காய் பட்டியலில் சான் டியேகோ பல ஆண்டுகளாக இருபதாவது இடத்தை ஒட்டியே இருக்கிறது. பிரிட்டனில் வெளியாகும் கியூஎஸ் பட்டியலின் 2024, 2025 பதிப்புகளில் அறுபதையும் தாண்டிக் கீழே இருந்தது. அந்த வளாகம் இரண்டாகப் பிளந்துவிடவில்லை, அளவுகோல்தான் வேறு. ஷாங்காய் பட்டியலில் நோபலுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பரிசுக்கும் மட்டும் 30 சதவீத எடை. மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுக்கும், முன்னணி இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கும் பெரும்பங்கு. பரிசுக்கான 30-ல் 10 சதவீதம் பரிசாளர் படித்த பல்கலைக்கழகத்துக்கு; மீதி 20-க்கு, பரிசு பெற்றபோது எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தார் என்பதே கணக்கு. அதனால் 1963-ல் மேயர் பெற்ற பரிசும், 2008-ல் ஒளிரும் பச்சைப் புரதத்துக்காக ரோஜர் சியென் பெற்ற பரிசும் இன்றும் சான் டியேகோவின் கணக்கில் இருக்கின்றன. பழைய பரிசுக்கு எடை குறைவு, அவ்வளவுதான். கியூஎஸ் வேறு ரகம். உலகெங்கும் உள்ள கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டு வரும் நற்பெயர் மதிப்பெண் அதில் பெரியது. ஆசிரியர் மாணவர் விகிதம், வெளிநாட்டு மாணவர் பங்கு போன்றவையும் உண்டு. தன் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கக் கடமைப்பட்ட பெரிய அரசுப் பல்கலைக்கழகம் இந்தக் கடைசி இரண்டிலும் சறுக்கும். சறுக்கத்தான் வேண்டும். தரவரிசைக்காக உள்ளூர் மாணவரை வெளியே நிறுத்தினால் அப்புறம் அது என்ன அரசுப் பல்கலைக்கழகம்?

இந்த இழுபறி கற்பனையல்ல. மாநில அரசின் பங்கு காலப்போக்கில் சுருங்கியபோது, கூடுதல் கட்டணம் தரும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில் வளாகங்கள் ஆர்வம் காட்டின. பெற்றோர் கொதித்தார்கள். 2017-ல் ரீஜென்ட்ஸ் இதற்கு உச்சவரம்பு வைத்தார்கள். பொதுவாக இளநிலையில் 18 சதவீதம். ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, இர்வைன் வளாகங்கள் அப்போதிருந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

இன்று சான் டியேகோவில் மாணவர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல். இத்தனை பேர் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க, இளநிலை மாணவர்களைச் சிறு கல்லூரிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விடுதி, தனிப் பொதுப்பாடத் திட்டம். ஏழாவது கல்லூரி 2020-லும் எட்டாவது 2023-லும் வந்தன. ஆனாலும் முதலாண்டு வேதியியல் வகுப்பில் சில நூறு பேரோடுதான் உட்கார வேண்டும். அந்த நெரிசலைத் தரவரிசையின் எந்த எண்ணும் நேராகச் சொல்லாது. ஆய்வகத்தில் நோபல் பரிசாளர் இருப்பது முனைவர் பட்ட மாணவருக்குப் பொக்கிஷம், முதலாண்டு மாணவருக்குப் பெரும்பாலும் சுவரில் தொங்கும் படம். எனவே பட்டியலைப் பார்த்து விண்ணப்பிக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, தான் சேரப்போவது எந்தத் துறையில், எந்தப் படிப்பில் என்பதை. ஆய்வுப் படிப்பென்றால், பல்கலைக்கழகத்தின் ஒட்டுமொத்த இடத்தை விட்டுவிட்டு அந்தத் துறையின் ஆசிரியர் பட்டியலையும், அவர்களிடம் பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் தேடிப்பிடிக்கலாம். ஒரு மாலை நேரம் போதும், இரண்டும் பெரும்பாலும் துறைகளின் இணையதளத்திலேயே கிடைக்கும்.